சோலை வாசலில் தொங்கிய ஜி.பி.எஸ்.

மாசி 2, வெள்ளி

விடியலில் உறைபனி. பூண்டுத் தாள் மேல் உப்புத் தூவியது போல் வெள்ளை. ஒன்பது மணிக்குத்தான் உருகியது. அதுவரை விரல் மடங்கவில்லை, கையில் பேனா நிற்கவில்லை.

நாளைய வேலை: கொடைக்கானல் போய் ஜி.பி.எஸ். பார்ப்பது. கையில் பிடிக்கிற ரகம். காட்டில் நாம் நிற்கிற இடத்தையும் போகிற திசையையும் காட்டும் பெட்டி.

ஏன் என்பதையும் எழுதிவிடுகிறேன். முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுத வந்த பிறகு எதையும் எழுதாமல் விட மனம் வருவதில்லை. எங்கள் பதினோரு வீட்டுப் பூண்டுக்கும் பீன்ஸுக்கும் தண்ணீர் மேலே சோலைக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து வருகிறது. கறுப்பு ஹோஸ். ஒரு மணி நேர ஏற்றம். காட்டுமாடு மிதித்தால் விட்டுப் போகும். முப்பது வருடம் அந்த ஹோஸை ஒட்டி நடந்து ஒட்டுப் போட்டவன் நான். இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை. மகன் பாண்டி நடக்கிறான். தை மாதம் சோலையிலிருந்து இறங்கும்போது மூடுபனியில் வழி தவறிவிட்டான். ஓர் இரவு முழுவதும் காட்டில். போன் குளிரில் அணைந்து போயிற்று. காலையில் வந்தபோது உதடு நீலம். பேச்சு வர வெந்நீர் இரண்டு சொம்பு.

மருமகள் செல்வி அன்று அழவில்லை. அதுதான் பயம். மூன்றாம் நாள் சொன்னாள்: "மாமா, இன்னொரு தரம் இப்புடி ஆச்சுன்னா பிள்ளையத் தூக்கிட்டுத் திருப்பூருக்குப் போயிருவோம். அவரும் வருவாரு. பூண்டு கெடந்தா கெடக்கட்டும்."

சும்மா சொல்கிறவள் இல்லை. பனியன் கம்பெனியில் இருக்கும் கூட்டாளியிடம் போனில் கேட்டுவிட்டாள்.

பதினோரு வீடும் கூடி ஒரு பெட்டி வாங்குவது என்று முடிவு. எது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு. வழி தெரிந்தவன் என்பதால்.

மூடுபனி என்று தினமும் எழுதிக் கை வலிக்கிறது. இனி மூ.ப.

மாசி 3, சனி

வெயில். பேத்துப்பாறை தாண்டும்போது பஸ்ஸில் எதிரே ஒட்டியிருந்ததை வாசித்தேன்: கை, தலை வெளியே நீட்டாதீர். அறுபத்தொன்பது வயது வரை இது தெரியாமல் கையை நீட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

பஜாரில் பாய் கடை. டார்ச், மழைக்கோட்டு, டூரிஸ்ட்டுகளுக்குக் கூடாரம். பாய் இருபது வருடப் பழக்கம்.

"வாங்க பெரியவரே. டார்ச்சா?"

"ஜீப்பியெஸ்."

என் முட்டியைப் பார்த்தார். பாண்டியைப் பார்த்தார். "யாருக்கு?"

பாண்டி சொன்னான்: "நடக்குறது நானு. செலக்ட் பண்றது அப்பா. இன்னைக்கு நான் பை தூக்க வந்தேன்."

இரண்டு எடுத்து வைத்தார். விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலாவது தொடுதிரை. போன் போலவே இருக்கிறது. பாய் ஏதோ அழுத்தினார். திரை முழுவதும் தமிழ்! 'திசை'. 'தொலைவு'. 'இடத்தைச் சேமி'. ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்தேன். 'சேமி' வாசிக்கச் சற்று நேரமாயிற்று. ஆனால் வாசித்தேன்.

பாய்: "பெரியவரே, வழி பாக்க வாங்குறீங்களா, பாடம் படிக்க வாங்குறீங்களா?"

கடையில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனசுக்குள் அந்தக் கணமே அது என் பெட்டி.

இரண்டாவது தடித்த மஞ்சள் பெட்டி. தலையில் கட்டைவிரல் போல ஒரு முளை. பக்கத்தில் பொத்தான்கள். சின்னத் திரை. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். பென்சில் பேட்டரி இரண்டு போட வேண்டும்.

பாய்: "மூஞ்சி நல்லாருக்காது. ஆனா காட்டுக்குப் போறவங்க இதத்தான் கேக்குறாங்க. மரத்தடியில எதுவுமே கொஞ்சம் தடுமாறும். இது கொஞ்சம் கம்மியாத் தடுமாறும்."

"மாட்டிக்கிட்டா ஆளக் கூப்புடுமா?"

"சேட்டிலைட்டுல மெசேஜ் விடுற ரகம் வெளிநாட்டுல உண்டு. இங்கன அனுமதி கெடையாது, கேக்காதீங்க. இது வழி காட்டும். கூப்புடாது."

இரண்டையும் கொடுத்துவிட்டார். பத்து நாள் நடந்து பார்த்து ஒன்றைத் திருப்பினால் போதும். "கீறல் மட்டும் விழக்கூடாது."

திரும்பும்போது இரண்டும் என் மடியில். பாண்டி தூங்கினான். நான் 'சேமி'யைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாசி 4, ஞாயிறு

வகுப்பு இல்லை. (நான்கு மணி வகுப்புக்கு ஞாயிறு விடுமுறை. எனக்குப் பிடிக்காத நாள்.)

பெட்டிகளைப் பழகினேன். தொடுதிரையில் முதல் இடம் சேமித்தேன். பெயர் நானே அடித்தேன்: ஊர்த் தொட்டி. அரை மணி. 'ர்' மேல் புள்ளி எங்கே இருக்கிறது என்று தேடியே பாதி நேரம்.

தொடுதிரை: தமிழ். படம் பெரிது. பகல் வெளிச்சத்தில் சுமார். சார்ஜ் போட வேண்டும்.
பொத்தான்: தமிழ் இல்லை. படம் சின்னது. வெயிலில் நன்றாகத் தெரிகிறது. பேட்டரி கடையில் கிடைக்கும். கையுறை போட்டும் அழுத்தலாம்.
தொடுதிரை, ஈரக்கை:

இதற்கு எதிரே எதுவும் எழுதாமல் விட்டிருந்தேன். எழுதிவிடுகிறேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அப்படியே தொட்டேன். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறந்தது. படம் எங்கோ ஓடியது. வேட்டியில் கையையும் திரையையும் துடைத்த பிறகு சரியாயிற்று.

யாரிடமும் சொல்லவில்லை.

செல்வி கேட்டாள்: "எது மாமா நல்லாருக்கு?"

"பாக்கணும்மா," என்றேன். பார்த்தாயிற்று. ஆசை முடிவு செய்துவிட்டது.

மாசி 6, செவ்வாய்

நானும் பாண்டியும் மேலே போனோம். ஹோஸ் ஒட்டுகளையெல்லாம் பெட்டியில் சேமிக்க. அவனுக்கு ஒரு மணி, எனக்கு இரண்டு. பாதிக்கு மேல் என் கை அவன் தோளில்.

சேமித்தவை: பாறை ஒட்டு. மூங்கில் வளைவு. ஓடைப் பாலம். இரட்டை மரம். பாண்டி நிற்பான், நான் அடிப்பேன். "ஒரு ஊருக்கே பேரு வச்சுட்டீங்கப்பா," என்றான். "வெரசா அடிங்க, இருட்டிரும்."

பிறகு சோலை வாசல்.

சோலை சாமிக்குரியது. வாசலில் நட்ட கல். அதற்கு மேல் செருப்பு ஆகாது. தோல் பெல்ட் ஆகாது. டிரான்சிஸ்டர் வந்த காலத்தில் அதையும் உள்ளே விடவில்லை. போன் வந்ததும் போனையும். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வாசல் மரக்கிளையில் மாட்டிவிட்டு, வெறுங்காலும் வெறுங்கையுமாக உள்ளே போவோம். இன்று வரை யாரும் மீறியதில்லை. பூசாரி கருப்பணன். செல்வியின் அப்பா, செத்துப்போன என் வீட்டுக்காரிக்குத் தம்பி.

பாண்டி கேட்டான்: "அப்பா, இத உள்ள கொண்டு போவமா? ஊத்தையும் போடணும்ல."

"ஏலே, சாமி எடத்துக்குள்ள பெட்டியா? பையில போடு."

"அப்ப ஊத்து?"

"இங்கன நின்னே போட்டுக்குவோம். நூறு எட்டு வச்சா ஊத்து. இதுல என்ன தொலைஞ்சு போகப் போற."

கல்லுக்குப் பக்கத்தில் நின்றபடி அடித்தேன். ஊற்று. ற், று இரண்டும் பிழை இல்லாமல். வகுப்பில் காட்டினால் டீச்சர் மெச்சுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி 9, வெள்ளி

காலை 8. தொட்டியில் தண்ணீர் இல்லை. பூண்டு திரள்கிற நேரம். இரண்டு நாள் காய்ந்தால் பல் சிறுத்துவிடும். பாண்டி கிளம்பினான். தொடுதிரையை நானே கழுத்தில் மாட்டிவிட்டேன். பொத்தான் என்னிடம். செல்வி சோறு கட்டிக் கொடுத்தாள். "ரெண்டு மணிக்குள்ள வந்துருங்க." "வந்துருவேன்."

11. வெயில் போய்விட்டது. மேலே சோலை இருக்கும் இடத்தில் சாம்பல் நிறம்.

12.30. மூ.ப. இறங்குகிறது. இரட்டை மரம் வரை மறைந்துவிட்டது. சாரல்.

1.30. மூ.ப. எங்கள் வேலி வரை. மாட்டைக் கட்டினேன். செல்வி வாசலில் நிற்கிறாள்.

2.15. வரவில்லை. போன் அடித்தால் எடுக்க ஆள் இல்லை. "பெட்டி வச்சிருக்காருல்ல மாமா?" "வச்சிருக்கான்." "அப்ப வந்துருவாரு." "வந்துருவான்."

2.40. பை. கிளையில் மாட்டும் பை. பெட்டி அவன் கழுத்தில் இருக்காது. நான் சொன்னதைக் கேட்கிற பிள்ளை. கல்லுக்கு வெளியேதான் தொங்கும்.

கிளம்புகிறேன்.

மாசி 10, சனி

உயிரோடு இருக்கிறான். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

மெதுவாக எழுதுகிறேன்.

நேற்று நானும் செல்வியும் ஏறினோம். பின்னால் இரண்டு வீட்டு ஆண்களை வரச் சொல்லிவிட்டு. முட்டி என்ன சொன்னது என்று கேட்கவில்லை. ஹோஸைத் தொட்டுத் தொட்டு நடந்தோம். நான்கு மணிக்குச் சோலை வாசல். ஐந்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

கல்லுக்குப் பக்கத்தில் அவன் செருப்பு. ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தான். கிளையில் பை. பைக்குள் போன், பெல்ட், தொடுதிரை.

செல்வி பைக்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மாமா, எல்லாத்தையும் இங்கன தொங்க விட்டுட்டு எத வச்சு வழி பாப்பாரு?"

தொடுதிரையை எடுத்தேன். சாரலில் திரை நனைந்திருந்தது. என் விரலும் ஈரம். தொட்டால் தொட்ட இடம் கேட்கவில்லை. நல்ல தமிழில், பிழையில்லாமல் ஒரே ஒரு வரி நின்றது: ஊற்று, 0 மீட்டர். ஊற்றில் நிற்கிறோமாம். எங்களுக்கு முன் செருப்பு மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெளிச்சமும் அணைந்தது. குளிரில் சார்ஜ் இறங்கிவிட்டது.

சத்தம் போட்டோம். காற்று தின்றுவிட்டது.

செல்வியை அங்கேயே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கச் சொன்னேன். செருப்பைக் கழற்றினேன். கை தன் பழக்கத்தில் கழுத்துக் கயிற்றுக்கும் போயிற்று. பொத்தான் பெட்டி அதில் தொங்கியது. கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். அப்பாவோடு ஏழு வயதில் முதல் முறை வந்த நாளிலிருந்து இந்தக் கல்லைத் தாண்டி எதையும் கொண்டு போனதில்லை.

கயிற்றை விட்டுவிட்டேன். பெட்டி நெஞ்சில் விழுந்தது. இடத்தைச் சேமிக்கும் பொத்தான் எது என்று பாய் காட்டியிருந்தார். அழுத்தினேன். பெயர் கேட்டது. 1 என்று போட்டேன். உள்ளே போனேன்.

ஊற்றில் ஆள் இல்லை. மேல் ஹோஸ் ஊற்றிலிருந்து பிடுங்கிக் கிடந்தது. காட்டுமாடு கால் மாட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இலைச் சருகில் இழுத்த தடம். அவன் ஹோஸைத் தேடி அந்தத் தடத்திலேயே போயிருக்க வேண்டும். நானும் போனேன். இடையிடையே பெட்டியைப் பார்த்தேன். எண் மட்டும்தான் எனக்குப் புரியும். 90. 120. மரத்தடியில் சில நேரம் குதித்தது. 110. 140.

"ஏலே பாண்டி!"

"அப்பா."

பக்கத்திலேயே. ஒரு பெரணி மரத்தடியில், குழிக்குள். கணுக்கால் வீங்கி மிளகாய்ப் பழம் போலச் சிவப்பு. மூன்று முறை வாசலுக்குப் போகிறேன் என்று நடந்து மூன்று முறையும் அதே குழிக்கு வந்திருக்கிறான். நான்காவது முறை உள்ளேயே விழுந்துவிட்டான். சோற்றைத் தின்றிருந்தான். அது நல்லது.

தூக்கி நிறுத்தினேன். "அங்கிட்டுத்தான் வாசல்," என்றேன். நெஞ்சறிய அதுதான் வழி. முப்பது வருடம் நடந்தவன்.

பெட்டியின் முள் நேர் எதிரே காட்டியது.

பெட்டி பொய் என்று நினைத்தேன். பாண்டி சொன்னான்: "அப்பா, அங்கிட்டுத்தான் நானும் மூணு தரம் போனேன்."

முள் காட்டிய பக்கம் நடந்தோம். 130. 95. 60. எண் குறையக் குறைய எனக்கு மூச்சு வந்தது. 30 வரும்போது செல்வியின் குரல். தொண்டை கட்டிப்போய், கூப்பிடுவது போலவே இல்லை, திட்டுவது போல இருந்தது.

மற்ற இருவரும் வந்து அவனைத் தூக்கிக்கொண்டார்கள். பையைச் செல்வி கிளையிலிருந்து இறக்கினாள். ஊர்த் தொட்டி வரை ஒவ்வொரு இடத்திலும் நான் நின்று 2, 3 என்று அழுத்திப் போட்டபோது அவள் நிற்காமல் முன்னால் போனாள்.

மாசி 11, ஞாயிறு

நேற்று மற்ற வீட்டு ஆண்கள் ஹோஸை ஊற்றில் மாட்டிவிட்டார்கள், தண்ணீர் வருகிறது. வெள்ளனே கருப்பணன் வந்துவிட்டார். மருமகன் காலைத் தொட்டுப் பார்த்தார். எண்ணெய் கொண்டுவந்திருந்தார், தடவினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"மச்சான், பெட்டியோட உள்ள போனீங்களா?"

"போனேன் மாப்ளே."

"தெரிஞ்சே?"

"தெரிஞ்சே."

"மருமகன் பொழச்சான், எனக்குச் சந்தோசம். நீங்க உள்ள கொண்டு போனா நாளைக்கு இன்னொருத்தன் ஸ்பீக்கரக் கொண்டு போவான். ஊரு என்னையத்தானே கேக்கும். எல்லைன்னா எல்லை. பெட்டி இனிமே வாசலோட நிக்கணும்."

செல்வி அடுப்படியிலிருந்து வந்தாள். "அப்ப அவரும் வாசலோட நிக்கட்டும்பா."

"பொம்பளப் பிள்ள, நீ பேசாம இரு."

"பேசாமத்தான் இருந்தேன், ரெண்டு தரம். தை மாசம் ஒண்ணு, முந்தாநேத்து ஒண்ணு. பெட்டி உள்ள போகாதுன்னா சொல்லிருங்க. கால் வீக்கம் வத்துனதும் பஸ் ஏறிருவோம்."

பாண்டி கூரையைப் பார்த்தான். அவனுக்குத் திருப்பூர் பிடிக்காது. ஒரு முறை போய் எட்டு நாளில் திரும்பியவன். ஆனால் செல்வி போனால் போவான்.

நான் சொன்னேன், தப்பு என் மேல், பெட்டியை வாசலில் தொங்கவிடச் சொன்னதே நான்தான் என்று. கருப்பணன் கேட்காதது போல் துண்டை உதறினார்.

வாசல் வரை போய்த் திரும்பினார். "புதன்கிழமை பூக் கட்டிப் பாப்போம். சாமியே சொல்லட்டும். வெள்ளை வந்தா பெட்டி உள்ள போகலாம். செவப்பு வந்தா இல்ல."

"செவப்பு வந்தா திருப்பூரு," என்றாள் செல்வி.

அவர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினார். அவருக்கு அவள் ஒரே பிள்ளை.

மாசி 12, திங்கள்

தனியாகக் கொடைக்கானல். தொடுதிரையைத் திருப்பிக் கொடுத்தேன். கீறல் இல்லை. பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தமிழ விட்டுட்டீங்களே பெரியவரே. அன்னைக்குக் கட்டிப் பிடிச்சுட்டே இருந்தீங்க."

நடந்ததைச் சொன்னேன். ஈரக்கை விஷயம் எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. பாய் இரண்டு ஜோடி பென்சில் பேட்டரியை ஒரு கவரில் போட்டார். "ஒரு ஜோடிய உடம்போட ஒட்டி வச்சுக்கச் சொல்லுங்க. குளுருல அது இறங்காது." டீயும் வரவழைத்தார்.

பொத்தானில் பெயர்கள் வேண்டாம், எண் போதும். பெயர் நோட்டில். பஸ்ஸில் எழுதினேன், கோணலாக இருக்கிறது:

1 சோலை வாசல்
2 இரட்டை மரம்
3 ஓடைப் பாலம்
4 மூங்கில் வளைவு
5 பாறை ஒட்டு
6 ஊர்த் தொட்டி
7

ஏழு ஊற்று. ஊற்றுக்கு நேராக நின்று போட்டால்தான் எழுதலாம். புதன்கிழமை தெரியும்.

திரும்பி வந்து செல்வியிடம் ஈரக்கையைச் சொன்னேன். தமிழுக்கு ஆசைப்பட்டதைச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "சரி மாமா," என்றாள். சரி என்றால் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

கட்டிலடியில் பெரிய பை. பாதி அடுக்கியிருக்கிறது. பேத்தியின் ஸ்வெட்டர் மேலே.

மாசி 14, புதன்

வெயிலும் மூ.ப.வும் மாறி மாறி. பதினோரு வீடும் சோலை வாசலுக்குப் போனோம். பாண்டி கம்பு ஊன்றி வந்தான். பொத்தான் பெட்டி என் கழுத்தில். செருப்புகள் கல்லுக்கு இந்தப் பக்கம் வரிசையாக.

கருப்பணன் குளித்து ஈர வேட்டியோடு. கல்லுக்குப் பின்னால் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து இரண்டு பொட்டலம் கட்டினார். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு என்பது முறை. இலைக்குள் வைத்து வாழைநாரால். பிறகு குலுக்கிக் கல்லின் முன் போட்டார். இரண்டும் ஒன்று போலவே.

பொட்டலம் எடுப்பது சின்னப் பிள்ளையாக இருக்க வேண்டும். பாப்பா, என் பேத்தி, நான்கு வயது. செல்வி அவளை இறக்கிவிட்டாள். பாப்பா இடது பக்கத்தைத் தொட்டாள். எடுக்கவில்லை. வலது பக்கத்தைத் தொட்டாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். செல்வி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். யாரோ "எடு தாயி" என்றார்கள். கருப்பணன் "யாரும் பேசாதீங்க" என்று அதட்டினார்.

இடது.

பிரித்தார். வெள்ளை.

பெண்கள் குலவை போட்டார்கள். செல்வி உட்கார்ந்துவிட்டாள். பாண்டி கம்பைக் கீழே போட்டான். நான் பெட்டியோடு கல்லைத் தாண்டி, பாண்டியின் தோளைப் பிடித்து ஊற்று வரை போனேன். தண்ணீரில் கால் வைத்து நின்று அழுத்தினேன். 7.

வெளியே வந்தபோது எல்லோரும் இறங்கிவிட்டார்கள், பாண்டியும் கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். கருப்பணன் மட்டும் குனிந்து சாமான்களைக் கூடையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மடியிலிருந்து அந்த இன்னொரு பொட்டலம் நழுவி விழுந்தது. நார் அவிழ்ந்தது.

அதுவும் வெள்ளை.

நான் பார்த்ததை அவர் பார்த்தார். அவசரம் இல்லாமல் அந்தப் பூவை எடுத்துக் கல்லின் உச்சியில் வைத்தார்.

"வெரசா நடங்க மச்சான். மூடுபனி எறங்குது."

நடந்தேன்.

இப்போது மணி நான்கு. வகுப்புக்குப் போகவில்லை. செல்வி கட்டிலடிப் பையிலிருந்து துணிகளை எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்கிறாள்: "இம்புட்டு நேரமா என்னத்த எழுதுறீங்க மாமா?"

பூ வெள்ளை வந்ததை எழுதுகிறேன் என்றேன்.